கூரை ஜன்னலை மூடலாமா?

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

நம் கல்லூரி ஆண்டு மலரில் காரைப் பற்றி, அதிலும் இரண்டு கதவு வைத்த பழைய பந்தய ரகக் காரைப் பற்றி ஒருவன் எழுதுவதா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிற்றுண்டிச்சாலைக் கணக்கையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போடும் கூட்டம் நாம். நம் விடுதி மாணவர்களுள் காரில் ஏறியவர்களை எண்ணினாலே ஒரு வரிசை தேறுமா என்பது ஐயம். இருந்தாலும் எழுதுகிறேன். காரணம், என் தந்தையார் டிங்கர் வேலை செய்பவர். நசுங்கிய கதவையும் துருப்பிடித்த தளத்தையும் தட்டி நிமிர்த்திய கூலியில்தான் நான் இந்த வகுப்பறைக்கு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டப் படிப்பு என்று ஒன்றில் கால் வைத்த முதல் ஆள் நான். சனி, ஞாயிறுகளில் ஷெட்டில் அவருக்குக் கையாள். ஆகவே பிறர் வண்டிகளின் உள்ளுறுப்புகளை, அவற்றின் சொந்தக்காரர்களே பார்த்திராத இடங்களை, நான் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு கருத்தைச் சொல்ல வருகிறேன்.

கேள்வி இதுதான். பழைய பந்தய ரகக் காரின் கூரையில் உள்ள சன்ரூஃபை எடுத்துவிட்டு, திறப்பே இல்லாத முழுத் தகட்டுக் கூரையாக மாற்றலாமா, கூடாதா?

முதலில் சன்ரூஃப் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நாஷ் என்ற கம்பெனி 1937இலேயே தன் கார்களில் இதை விருப்பப் பொருளாக விற்றது. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களில் நெடுநாள் வரை துணிக் கூரை இருந்தது. 1964ஆம் ஆண்டு மாடல் முதல், கைப்பிடியைச் சுற்றினால் நகரும் இரும்புத் தகடு வந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற ஹைன்ஸ் பிரெக்டர் என்ற இளைஞர் 1965இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், பிறர் செய்த கார்களின் கூரையை வெட்டி சன்ரூஃப் வைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். அது பின்னர் பெரிய நிறுவனமாயிற்று. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944 காரில் இன்னொரு விதம்: மின்விசையால் பின்பக்கம் தூக்கிக் கொள்ளும் பலகை, வேண்டுமானால் கழற்றிப் பின்புறப் பெட்டியில் வைத்துக் கொள்ளலாம். இவையெல்லாம் வெயிலுக்கு ஏங்கும் நாடுகளின் ஆசைகள். ஆண்டில் பாதி நாள் மேகம் மூடிய ஊரில் ஒரு மணி நேர வெயில் கிடைத்தால் அதைத் தலைமேல் வாங்கிக்கொள்ளத் தோன்றும். சித்திரை வெயிலில் நம்முடைய ஊரில் சிறிய கார்களுக்குக்கூட இன்று சன்ரூஃப் வைத்து விற்கிறார்கள்; அதன் வழியே குழந்தைகளைத் தலைநீட்டி நிற்கச் செய்து ஓட்டுகிறார்கள். பிரேக் போட்டால் அந்தப் பிள்ளையின் கழுத்து எங்கே மோதும் என்று ஓட்டுகிறவர் நினைப்பதில்லை. அது வேறு கட்டுரைக்கு உரியது. நிற்க.

2024 ஐப்பசி மழையில் எங்கள் ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்தது. பெயர் வேண்டாம். எண்பதுகளில் வெளிநாட்டில் செய்த இரண்டு கதவு வண்டி. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணன் கொண்டு வந்து, தம்பிக்கு விட்டுச் சென்றது. உள்ளே ஏறினால் நாய்க்குட்டி நனைந்த வாடை. தரை விரிப்பைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டிற்று. கூரையின் உட்துணி பழுப்பு வளையங்களாகக் கறை பட்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறார். இரண்டிலும் சன்ரூஃபைச் சுற்றி வெள்ளைப் பசையைப் பிதுக்கி அப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மழையில் முன்னைவிட அதிகமாக ஒழுகிற்று.

"மேஸ்திரி, இந்த ஓட்டையே வேண்டாம். வெட்டி எடுத்துட்டு ஷீட் போட்டு அடைச்சிடுங்க. எவ்வளவு ஆனாலும் சரி" என்றார் அவர்.

எவ்வளவு ஆனாலும் சரி என்ற சொல் எங்கள் ஷெட்டில் அடிக்கடி கேட்கும் சொல் அன்று. எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய வாரம் அது. நான் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். சேர்ந்ததோடு நில்லாமல், படித்த படிப்பைக் காட்டும் ஆசையில், அட்டை ஒன்றில் கணக்கும் போட்டேன்.

அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். நம் துறை நண்பர்கள் சரிபார்க்கலாம். வண்டியின் எடை 1200 கிலோ என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில். கூரை 125 சென்டிமீட்டர் உயரத்தில். சன்ரூஃப் பலகை, தண்டவாளம், தட்டு, மோட்டார் எல்லாம் சேர்ந்து 15 கிலோ. அதை நீக்கி வைக்கும் தகடும் குறுக்குச் சட்டமும் 5 கிலோ. ஆக, உச்சியில் 10 கிலோ குறைகிறது. 1200ஐ 50ஆல் பெருக்கினால் 60,000. அதில் 10 பெருக்கல் 125, அதாவது 1,250 கழிந்து 58,750. புதிய எடையான 1190ஆல் வகுத்தால் 49.37. ஈர்ப்பு மையம் சுமார் ஆறு மில்லிமீட்டர் இறங்குகிறது. திருப்பத்தில் வண்டி சாயும்போது உட்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் சுமை, எடையையும் மையத்தின் உயரத்தையும் பெருக்கிய தொகையைப் பொறுத்தது. அது இரண்டு சதவீதம் குறைகிறது. எடை நீங்குவது கூரையில் என்பதால்தான் இந்தப் பலன். அதே பத்துக் கிலோவைத் தரைத் தளத்திலிருந்து எடுத்தால் மையம் இறங்காது, ஏறும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1995இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் அமெரிக்காவில் விற்ற எம்3 லைட்வெயிட் என்ற வண்டியில் ஏர்கண்டிஷனும் இல்லை, ரேடியோவும் இல்லை, சன்ரூஃபும் இல்லை. 2003இல் அவர்களே எம்3 சிஎஸ்எல் வண்டிக்குக் கரி இழைக் கூரை போட்டார்கள். அதனால் குறைந்தது ஏழே கிலோ. இருந்தும் அந்த ஏழு கிலோ உச்சந்தலையில் குறைகிறது என்பதுதான் அதன் பெருமை. இன்று அந்தக் காலத்து வண்டிகளை விரும்பி ஓட்டுகிறவர்களில் பலர் சன்ரூஃப் இல்லாத மொட்டைக் கூரை வண்டியைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

அட்டையை அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் எண்களைக் கண்டு மிரள்பவர் அல்லர். முழுவதும் கேட்டுவிட்டு, "பத்துக் கிலோதானே? அந்த சார் இட்லியைக் குறைச்சா போதுமேடா" என்றார்.

பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

இங்கேதான் நான் இத்தனை நாள் அறியாதிருந்ததும், கார் வைத்திருக்கும் பெரும்பாலோர் அறியாததுமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சன்ரூஃப் என்பது தண்ணீர் புகாதபடி செய்த பொருளே அன்று. சுற்றியுள்ள ரப்பர் பீடிங் பெருமளவு மழையைத் தடுக்கும், மீதி உள்ளே வரும், வரத்தான் செய்யும். அதை வாங்கிக்கொள்ள அடியில் ஒரு தட்டும் ஓரமாகக் கால்வாயும் உண்டு. தட்டின் நான்கு மூலைகளிலும் விரல் பருமன்கூட இல்லாத குழாய்கள். முன்னிரண்டும் கண்ணாடித் தூண்களின் உள்ளே இறங்கிக் கதவுக் கீல் பக்கம் வெளியேறும். பின்னிரண்டும் பின் தூண் வழியே இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வெளியேறும். நம் வீட்டு மொட்டை மாடிக்குத் தளவாட்டமும் மழைநீர்க் குழாயும் இருப்பதுபோல. மாடியில் குழாய் அடைத்துக்கொண்டால் தளத்தைக் குறை சொல்வோமா? வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டிக்கு இந்தக் குழாய் எத்தனை நாள் தாங்கும்?

அப்பா சன்ரூஃபைத் திறந்து, முன் இடது மூலையில் டம்ளர் நீரை மெல்ல ஊற்றினார். நான் கீழே குனிந்து கதவிடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. தண்ணீர் தட்டிலேயே நின்று, நிரம்பி, உட்துணியில் இறங்கிற்று. சைக்கிள் பிரேக் ஒயரின் உள்கம்பியை எடுத்து, முனையை மழுக்கி, குழாய்க்குள் திருகித் திருகி விட்டார். காற்றுப் பம்பு வைத்து ஊதிவிடலாமே என்றேன். "ஊதினா உள்ளே மூட்டு கழண்டுக்கும். அப்புறம் தூணுக்குள்ள யாரு கை விடுறது?" என்றார். கால் மணி நேரத்தில் சேறும், வேப்பங்கொட்டைத் தோலும், பழைய பசையின் வெள்ளைத் துண்டுகளுமாக வெளியே வந்தன. அந்த இரண்டு இடங்களில் அப்பிய பசைதான் குழாய் வாயை முற்றிலும் அடைத்திருக்கிறது! இன்னொரு டம்ளர் ஊற்றினார். எண்ணி மூன்று வினாடியில் கதவுக்குக் கீழே தண்ணீர் சொட்டிற்று.

நான்கு குழாய்களையும் சுத்தம் செய்து, பசையைச் சுரண்டி, பீடிங்கை மாற்றி, அறுநூறு ரூபாய் வாங்கினார். பீடிங் விலை தனி. வண்டிக்காரர் நம்பாமல் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று இரவு நான் அப்பாவிடம் பேசவில்லை. கேட்டுக் கொடுக்கிற வேலையை வேண்டாம் என்கிறாரே, ஒரு மாதக் கூலியைக் கைகழுவுகிறாரே என்ற கோபம். கட்டணத்துக்கு அத்தையிடம் கைமாற்று வாங்கினோம். இதை இங்கே எழுத எனக்குக் கூச்சம்தான். ஆனாலும், ஒழுகுகிறது என்பதற்காக ஒரு கூரையை வெட்டலாமா என்ற கேள்விக்கு என் விடை அன்றைக்குக் கட்டணத்தைப் பொறுத்து இருந்தது என்பதை மறைத்துவிட்டுக் கருத்துச் சொல்வது நேர்மையாகாது.

இப்போது என் கருத்து தெளிவாக இருக்கிறது. ஒழுகல் என்பது கூரையை மாற்றுவதற்கான காரணமே அன்று. அது குழாயின் குற்றம், அல்லது பீடிங்கின் குற்றம். தட்டு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டால் தட்டுக்கு வைத்தியம் செய்ய வேண்டும். பொதுவாக முழுக் கூரை போட்டுவிட்டால் ஒழுகல் நின்றுவிடும் என்று நம்புகிறார்கள். முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் துரு இருந்தால் அங்கிருந்தும் ஒழுகும். அதையும் சன்ரூஃப் தலையில் கட்டுவார்கள். எது வழியாக வருகிறது என்று பார்க்காமல் வெட்டினால், ஒழுகலும் இருக்கும், ஜன்னலும் போயிருக்கும்.

அப்படியானால் மாற்றவே கூடாதா? கூடும். தை மாதம் அதே மனிதர் அதே வண்டியில் மீண்டும் வந்தார். வண்டி உலர்ந்திருந்தது. இம்முறை கையில் ஒரு ஹெல்மெட். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த பந்தயத் தடம் இருக்கிறதல்லவா, அங்கே வண்டியை ஓட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். ஆள் ஆறடிக்கு மேல். ஹெல்மெட் போட்டு உட்கார்ந்தால் தலை கூரையில் முட்டுகிறது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். சன்ரூஃப் தட்டு உட்கூரையை நான்கு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறக்கி வைத்திருக்கிறது. போதாததற்கு, நேர் உச்சிக்கு மேலே ஒரு இரும்பு விளிம்பு.

அப்பா அவரை உள்ளே உட்காரச் சொல்லி, ஹெல்மெட்டுக்கும் உட்துணிக்கும் நடுவே தன் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை. "இது சரியான காரணம் சார். செய்யலாம்" என்றார். என் ஆறு மில்லிமீட்டரை அப்பா ஏற்கவில்லை, அந்த மனிதரின் கழுத்தை ஏற்றார். இன்று யோசிக்கும்போது அவர் பக்கமே நியாயம் என்று படுகிறது. ஓட்டுகிறவன் தலையை நேராக வைக்க முடியாத வண்டிக்கு ஈர்ப்பு மையம் எங்கே இருந்தால் என்ன?

செய்யலாம் என்று முடிவானால், எப்படிச் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலான வழி, சன்ரூஃப் இல்லாமலே வந்த அதே மாடல் வண்டியின் முழுக் கூரையை எடுத்து வந்து வைப்பது. முன்பின் கண்ணாடிகளைக் கழற்றி, இரு பக்க மழைத்தண்ணீர் ஓரத்திலும் உள்ள புள்ளி வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டு அகற்றி, பழைய கூரையைத் தூக்கிவிட்டுப் புதியதை அதே புள்ளிகளில் இணைப்பது. தொழிற்சாலையில் வந்த வடிவம் மாறாது. இதில் முக்கியம், வெளித்தகட்டோடு அதன் அடியில் இருக்கும் குறுக்குச் சட்டங்களையும் கொண்டுவர வேண்டும். சன்ரூஃப் வண்டியில் அந்தச் சட்டங்களுக்குப் பதிலாகத் தட்டின் சட்டகம்தான் கூரையைத் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டு வெறும் தகட்டை மட்டும் போட்டால், கூரை தகர டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வரும்.

புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தோம். நம் நாட்டு வண்டி எதற்கும் கூரை கேளுங்கள், மாலைக்குள் கிடைக்கும். இந்த வண்டிக்குக் கதவுக் கைப்பிடிகூட இல்லை.

மட்டமான வழி ஒன்று உண்டு. ஊரில் அதிகம் நடப்பதும் அதுதான். திறப்பின் மேல் ஒரு ஷீட்டை வைத்துச் சுற்றிலும் வெல்டிங் இழுத்து, நெளிந்த இடமெல்லாம் பட்டி போட்டு மேடாக்கி, தேய்த்துப் பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவது. இரண்டு நாளில் முடியும்; மலிவு. இரண்டு மழைக்காலம் கடந்தால் பட்டி வெடிக்கும். இதை நான் முழு மூச்சாக எதிர்க்கிறேன். காரணம் பௌதிகம்.

இரும்பு ஒரு பாகை வெப்பம் ஏறினால் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். ஒரு மீட்டர் நீள ஓரத்தை ஒரே இழுப்பில் வெல்டிங் செய்து, அந்தக் கோடு சராசரி 500 பாகை ஏறியதாகக் கொண்டால், அது ஆறு மில்லிமீட்டர் நீள விரும்புகிறது. (மையத்தை ஆறு மில்லிமீட்டர் இறக்கப் போய், தகட்டில் அதே ஆறு மில்லிமீட்டர்! இந்த எண் என்னை விடவே இல்லை.) ஆனால் சுற்றியுள்ள குளிர்ந்த தகடு அதை நீள விடாது. எனவே சூடான பகுதி தனக்குள்ளேயே நசுங்கித் தடிக்கிறது. குளிரும்போது அது பழைய அளவுக்குத் திரும்பாமல் இன்னும் சுருங்கி, பக்கத்துத் தகட்டைப் பிடித்து இழுக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத தகடு வேறென்ன செய்யும்? அலை அலையாக நெளியும். அதிலும் கூரை ஏறக்குறைய தட்டையானது. மட்கார்டு போல நல்ல வளைவு இருந்தால் அந்த வளைவே பலம் கொடுக்கும். பார்வைக்குச் சுலபமான தட்டைத் தகடுதான் டிங்கருக்குப் பரீட்சை என்பார் அப்பா.

ஆகவே வெப்பமே இல்லாமல் ஒட்டினால் என்ன என்று கேட்டேன். வேதியியல் துறை நண்பன் ஒருவன் எபாக்சிப் பசைகளைப் பற்றிக் கருத்தரங்கில் பேசியது நினைவிருந்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் எலிஸ் என்ற பந்தய ரக வண்டியின் அடிச்சட்டமே 1996 முதல் அலுமினியத் துண்டுகளை எபாக்சிப் பசையால் ஒட்டிச் செய்ததுதான் என்றும் சொன்னேன். அப்பாவுக்குப் பசை என்றாலே அந்த வெள்ளைப் பசைதான் கண்முன் வந்தது. "காரைக் கோந்து போட்டு ஒட்டுறியா?" என்றார்.

வாதாடவில்லை. தகட்டிலிருந்து இரண்டு பட்டைகளை வெட்டி, ஒட்டும் இடத்தைப் பளபளவென்று இரும்பு தெரியத் தேய்த்து, பசை தடவி, வைஸ் கிரிப்பில் பிடித்து ஒரு நாள் வைத்தேன். மறுநாள் மாலை நான் கல்லூரியிலிருந்து வருவதற்குள் அப்பா அதைச் சோதித்து முடித்திருந்தார். பட்டை வளைந்து முறுக்கிக் கிடந்தது, ஒட்டு விடவில்லை. சிற்றுளியை வைத்து அடித்த தழும்புகளும் இருந்தன. எதுவும் சொல்லாமல் அதை என் புத்தகப் பையின்மேல் வைத்திருந்தார்.

அதன் பிறகு நடந்த வேலையை ஒரு விஞ்ஞானச் செய்முறையாக எழுதினால் சுவைக்காது. ஆயினும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். உட்துணியை முழுவதும் இறக்கினோம். சன்ரூஃப் தட்டையும் தண்டவாளத்தையும் ஆணி ஆணியாகக் கழற்றினார், ஒன்றைக்கூட வெட்டவில்லை. திறப்பின் ஓரத்தில் உள்ளே மடிந்திருந்த விளிம்பையும் அப்படியே விட்டார். அந்த விளிம்பின்மேல் உட்காரும்படி புதிய தகட்டின் நாற்புறமும் ஒரு படி மடித்தார். தகட்டுக்கு முதுகு கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டுவார், எடுத்துச் சென்று கூரைமேல் வைத்துப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையில் பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, தகட்டின் மேல் நீளத் தடவுவார். "இங்க ஒரு நூல் ஏறி இருக்கு" என்பார். நான் தடவினால் ஒன்றும் தெரியாது. நம் ஆய்வகத்து ஸ்பீரோமீட்டரைக் கொண்டு வந்து அளந்து பார்க்கலாமா என்று நினைத்ததுண்டு. கேட்டால் ஆய்வகத்தில் கொடுப்பார்களா என்பது வேறு.

உள்ளே இரண்டு குறுக்குச் சட்டங்கள் வைத்தோம். பசை முழுச் சுற்றிலும். நான்கு மூலைகளில் மட்டும், ஒன்று ஆறிய பிறகு ஒன்றாக, சி.ஓ.டூ வெல்டிங்கில் ஒரே புள்ளி. அந்தப் புள்ளிகளும் பசையின்மேல் அல்ல, பசை படாத காதுகளில். அது அப்பாவின் மன நிம்மதிக்காக என்று நான் நினைத்துக்கொண்டேன். பட்டி போட்டது உண்மைதான். ஆனால் காகிதக் கனம்.

இதற்கு எதிர்க்கருத்து ஒன்று உண்டு. பழைய வண்டியைப் பழமை மாறாமல் காக்க வேண்டும், தொழிற்சாலை தந்ததில் கை வைப்பது பாவம் என்பார்கள். இதில் பாதி எனக்கு உடன்பாடு. குறைவாக மிஞ்சியிருக்கும் ஒரு மாடல், தாளும் வண்டியும் ஒத்துப்போகும் நிலையில் இருந்தால், அதன் கூரையில் கத்தி வைப்பவனை நான் ஆதரிக்க மாட்டேன். மறுபாதி உடன்பாடில்லை. எழுபது, எண்பதுகளில் எத்தனையோ வண்டிகளுக்கு சன்ரூஃப் தொழிற்சாலையில் வந்ததே இல்லை. விற்பனைக்கு வந்த பிறகு எவரோ முழுக் கூரையை வெட்டி வைத்தார்கள். அப்படிப்பட்ட வண்டியில் திறப்பை மூடுவதுதான் பழமையைக் காப்பது! மேலும், ஓட்டுவதற்கென்று செய்த வண்டி ஓட்ட முடியாமல் துணி போர்த்தி நிற்பதைக் காட்டிலும், ஒரு கூரை மாறி ஓடுவது மேல் என்றே நினைக்கிறேன். இதில் என்னோடு மாறுபடும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். ஒருவர் தம் தந்தையின் பழைய ஃபியட்டில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற விடுவதில்லை.

இடைவழியாக அப்பா ஒன்று செய்தார். கழற்றிய சன்ரூஃப் முழுவதையும், ஆணிகள் உட்பட, பாலிதீன் தாளில் சுற்றிக் கட்டி வண்டிக்காரரிடம் கொடுத்தார். அவர் புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார். "வேணாம் சார், பரண்ல போட்டு வைங்க. நாளைக்கு உங்க பையன் கேட்பான்" என்றார் அப்பா. விளிம்பை வெட்டாமல் விட்டதும் அதற்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. மூலைப் புள்ளிகளைத் தேய்த்து, பசையைச் சூடேற்றி இளக்கினால் அந்தத் தகடு வந்துவிடும். மூலையில் மட்டும் ஏன் வெல்டிங் வைத்தார் என்பதற்கும் நான் கொடுத்திருந்த விளக்கம் தவறு.

கூலி வந்தது. அத்தையின் கைமாற்று தீர்ந்தது. எவ்வளவு என்று எழுத அப்பா விடமாட்டார்.

சித்திரையில் ஒரு நாள் மாலை திடீரென்று கோடை மழை. இரவு எட்டு மணிக்கு வண்டிக்காரரிடமிருந்து தொலைபேசி. நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒழுகவில்லையாம். ஆனால் மழைச்சத்தம் தாங்கவில்லையாம். தலைமேல் யாரோ பறை அடிப்பதுபோல் இருக்கிறதாம். உட்துணி மாட்டும் முன் தகட்டின் அடியில் தார் அட்டை ஒட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டோம். மறந்தது நான், அட்டை வாங்கும் பொறுப்பு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வருகிறது. உட்துணியை மறுபடி இறக்க வேண்டும்.